ஓவியம் உரைக்கும் ஆடை வரலாறு

கல்லினாற் செய்த கோயில் ஆயிரம் ஆண்டுகள் நிற்கின்றது. செம்பினாற் செய்த திருமேனி மண்ணுள் புதைந்து கிடந்தும் மீண்டு வருகின்றது. ஆனால் பருத்தியும் பட்டும் அத்தகையன அல்ல. நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் கரையானுக்கும் அவை சில தலைமுறைக்கு மேல் தாங்குவதில்லை. உலகுக்கெல்லாம் துணி நெய்து கொடுத்த நாடு இது. ஆயினும் பழந்துணி இந்நாட்டிற் கிடைப்பது அரிது. இடைக்காலத்துக் குசராத்தில் அச்சிட்ட பருத்தித் துணிகளைக் காண விழைவோர், எகிப்தில் கெய்ரோ நகரை அடுத்த புஸ்தாத் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த துண்டுகளையே நாட வேண்டியுள்ளது. மழை காணாத அந்நிலம் அவற்றைக் காத்துக் கொடுத்தது.

அங்ஙனமாயின், நம் முன்னோர் எவ்வாறு உடுத்தனர் என்பதை எதனைக் கொண்டு அறிவது? இலக்கியம் துகில் என்றும் கலிங்கம் என்றும் அறுவை என்றும் பல பெயர்களைச் சொல்லும். அவற்றை எப்படி மடித்தனர், எங்கே செருகினர், எத்தோளின்மேல் இட்டனர் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சிற்பம் மடிப்பைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. நிறம், நெசவு, கரை, மென்மை, உடுத்தும் முறை ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே காட்டுவது ஓவியம் ஒன்றே. வானொலியில் ஓவியத்தைக் காட்ட இயலாது. ஆதலின் இந்திய நாட்டின் சில ஓவியங்களைச் சொல்லால் உங்கள் முன் நிறுத்தி, அவை ஆடையைப் பற்றிக் கூறும் செய்திகளைக் கேட்போம்.

இது வெறும் பழமை ஆராய்ச்சி அன்று. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஆடையைப் பற்றிய வழக்கு அடிக்கடி எழுவதுண்டு. திருமணத்தன்று மகன் வேட்டி உடுத்துவதா, அவ்வூரார் அணியும் நீண்ட அங்கியை அணிவதா? மகள் சேலை கட்டுவதா, சல்வார் அணிவதா? 'நம் பழைய உடை எது?' என்று பெரியவர் கேட்பர். 'எவ்வளவு பழைய உடை?' என்று இளையவர் திருப்பிக் கேட்பர். இரண்டும் நல்ல வினாக்களே. அவற்றுக்கு விடை கூறத் தக்க சான்று ஓவியத்தில் உண்டு. ஆனால் அச்சான்றைப் படிக்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும்.

முறை இதுதான்: ஓவியம் தான் கூறும் கதையின் காலத்துக்குச் சான்றன்று, அதைத் தீட்டியவன் வாழ்ந்த காலத்துக்கே சான்று. புத்தர் பெருமானின் கதையை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒருவன் தீட்டினால், கபிலவாத்துவின் ஆடையை அவன் எங்ஙனம் அறிவான்? தன் அரசனும், தன் தெருவாரும், தன் ஊர்ச் சந்தைக்கு வந்த அயல்நாட்டு வணிகனும் உடுத்தியதையே அவன் தீட்டுவான். வரலாற்று நோக்கில் இது குறை போலத் தோன்றும். ஆடையின் வரலாற்றை ஆராய்வோர்க்கோ இதுவே பெருநன்மை.

முதலில் அஜந்தாவுக்குச் செல்வோம். மகாராட்டிரத்தில், ஔரங்காபாத் என்று வழங்கி இன்று சத்திரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் பெற்றுள்ள நகருக்கு வடகிழக்கே, குதிரை லாடம் போல் வளைந்த மலைச்சரிவில் உள்ளவை அக்குகைகள். 1819ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவர் கண்ணில் பட்டபின் அவை உலகறிந்தவை ஆயின. எல்லாக் குகைகளும் ஒரே காலத்தவை அல்ல. 9ஆம் 10ஆம் குகைகளில் உள்ள பழைய ஓவியங்கள் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தை ஒட்டியவை. 1, 2, 16, 17 ஆகிய குகைகளின் ஓவியங்களோ கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாகாடகர் ஆட்சியில் எழுந்தவை. இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். ஆகவே ஒரே மலையில் இரு காலத்து மக்களை அருகருகே வைத்துக் காணலாம்.

10ஆம் குகையில் போதிமரத்தை வணங்க ஓர் அரசன் தன் சுற்றத்துடன் வருகின்றான். ஆடவர் இடையில் மடிப்புகளோடு கூடிய கீழாடை உடுத்தியுள்ளனர். மார்பில் ஆடை இல்லை. தலையிலோ பெரிய பாகை. துணியை முறுக்கிச் சுற்றி முடிச்சைப் பந்து போல் புடைக்க விட்டிருக்கின்றனர். சாஞ்சி, பார்குத் சிற்பங்களிலும் இதே தலைப்பாகையைக் காணலாம். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து 1ஆம் குகைக்கு வந்தால் அரசர் தலையில் அப்பாகை இல்லை. அதன் இடத்தை மணிகள் இழைத்த முடி பெற்றுவிட்டது. கையில் தாமரை ஏந்திய புகழ்பெற்ற போதிசத்துவர் உருவில் உயர்ந்த முடியும், முத்துமாலையும், கோடுகள் ஓடிய கீழாடையும் காண்கின்றோம். இக்காலத்து ஆடைகளில் கோடுகளும் அவற்றினிடையே சிறு வடிவங்களும் மிகுதி. நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் தோய்க்கும் முறை ஒன்று தெலங்கானாவிலும் ஒடிசாவிலும் குசராத்திலும் இன்றும் வழங்குகின்றது. அஜந்தாவின் சில ஆடைகள் அவ்வகைத் துணியையே நினைவூட்டுகின்றன.

இங்கு நாம் கருத்தூன்றிக் காண வேண்டியது வேறொன்று. அரசியர் உடம்பில் துணி குறைவு, அணி மிகுதி. இடைக்குமேல் பல வேளைகளில் ஆடையே இல்லை. அல்லது விளிம்புக் கோட்டினால் மட்டும் அறியத்தக்க மெல்லிய துகில் உள்ளது. உடம்பை மூடித் தைத்த ஆடை அணிந்தவர் யாவர்? ஏவல் மகளிர், ஆடல் மகளிர், படைவீரர், அயல்நாட்டார் ஆகியோரே. 1ஆம் குகையில் மகாசனகன் கதையைத் தீட்டிய இடத்தில் நடுநின்று ஆடும் பெண், கைகளை மூடும் நீண்ட தைத்த மேலாடை அணிந்திருக்கின்றாள். அதே குகையின் விதானத்தில் கூம்பிய தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்து கிண்ணம் ஏந்திய மனிதர் உள்ளனர்; மேலைநாட்டிலிருந்து, பாரசீகத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து, வந்தவர் அவர் என்பது ஆடையினாலேயே விளங்கும். தைத்த ஆடை அன்று அயலாரோடும் ஏவலரோடும் சேர்ந்திருந்தது என்பதை ஓவியம் தெளிவாகக் காட்டுகின்றது. தமிழிலும் இதற்கு ஒத்த செய்தி உண்டு. முல்லைப்பாட்டு யவன வீரரின் சட்டையை 'மெய்ப்பை' என்று குறிக்கின்றது. மெய்யை இட்டு வைத்த பை! புதுப் பொருளைக் கண்டவர் இட்ட பெயர் என்பது அச்சொல்லிலேயே தெரிகின்றதன்றோ?

ஆகவே, 'உடம்பை முழுதும் மூடுவதே உயர்குலத்தின் அடையாளம்' என்னும் எண்ணம் எக்காலத்தும் இந்நாட்டில் இருந்தது என்று சொல்வதற்கில்லை. 5ஆம் நூற்றாண்டில் நிலை ஏறத்தாழத் தலைகீழாக இருந்தது.

இனித் தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெருவுடையார் கோயிலில், கருவறையைச் சூழ்ந்து இருண்ட உட்சுற்று ஒன்று உள்ளது. அதன் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியங்களே நெடுங்காலம் காணப்பட்டன. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். அது சோழர் கால ஓவியம். பின்னர்த் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே பலகைகளில் பதித்துக் காத்தனர். ஒரே சுவரில், சுண்ணாம்புப் பூச்சு ஒன்றின் தடிப்பளவே இடைவெளியில், ஆறு நூற்றாண்டுக்கும் மேலான ஆடை மாற்றம் அடங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடியில் உள்ள சோழர் ஓவியத்தில் சுந்தரர் கதை விரிகின்றது. திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் கையில் குடையுடன் வந்து வழக்கிடுகின்றார். அவையினர் வியப்போடு நோக்குகின்றனர். தில்லைக் கூத்தனை வணங்கும் காட்சியில் அரசனும் அரசியரும் நிற்கின்றனர். இராசராசனும் கருவூர்த் தேவரும் என்று பலரும் கருதும் இருவர் உருவம் ஓரிடத்தில் உள்ளது. அரசனாயினும் முனிவராயினும் அவையத்தாராயினும் ஆடவர்க்கு இடையில் ஆடை, மார்பு வெற்று மார்பு. ஆடல் மகளிர்க்கு இடையாடை பூவேலையோடு உடம்பை ஒட்டி நிற்கின்றது. மேலே பெரும்பாலும் அணிகலன்களே. கங்கை வரை படை அனுப்பி, கடல் கடந்தும் வென்ற குலத்தின் அரசவை இது. வறுமையினால் சட்டை அணியாது இருந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்.

மேலடுக்கில் இருந்த நாயக்கர் கால ஓவியங்களிலும், அக்காலத்துப் பிற கோயில் ஓவியங்களிலும் உலகம் மாறிவிட்டது. பெண்டிர் கட்டமும் கோடும் இட்ட சேலையைக் கொசுவம் வைத்து உடுத்தி, மார்பை இறுகப் பற்றிய ரவிக்கை அணிந்துள்ளனர். அரசரும் அதிகாரிகளும் கணுக்கால் வரை தொங்கும் நீண்ட அங்கி அணிந்து, இடையில் கச்சை கட்டியுள்ளனர். ரவிக்கை என்னும் சொல்லே தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆடையோடு அதன் பெயரும் உடன் வந்தது.

இம்மாற்றம் எவ்வழியாக வந்தது? அதற்கு விடை காண ஆந்திரத்து லேபாட்சிக்குச் செல்லுதல் வேண்டும். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் அது. விசயநகர மன்னர் அச்சுததேவராயர் ஆட்சிக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், விருபண்ணர், வீரண்ணர் என்னும் உடன்பிறந்தார் அங்கு வீரபத்திரர் கோயிலை விரிவாக எடுப்பித்தனர். அதன் மண்டப விதானங்களில் புராணக் கதைகள் நெடுநெடு என்று ஓடுகின்றன. பெண்டிரின் சேலைகளில் எத்தனை வகைக் கட்டங்கள், எத்தனை வகைக் கரைகள் என்று எண்ணி முடியாது. ஆடவர் கூட்டத்தைப் பார்த்தால் அரசவையைச் சார்ந்தோர் தலையில் உயர்ந்து கூம்பிய தொப்பி. உடம்பில் வெண்ணிற நீள் அங்கி. தொப்பியைக் குல்லாயி என்றும் அங்கியைக் கபாயி என்றும் அக்காலத்தார் வழங்கினர். முன்னது பாரசீகச் சொல்லிலிருந்தும் பின்னது அரபுச் சொல்லிலிருந்தும் பிறந்தவை. நாம் இன்று குழந்தைக்கு அணிவிக்கும் குல்லாவும் அப்பாரசீகச் சொல்லின் வழியினதே.

ஓவியனின் கற்பனையோ இது என்று ஐயுறுவோர்க்கு வேறு சான்றும் உண்டு. 1443ஆம் ஆண்டில் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அரசர் பட்டினால் ஆன அங்கி அணிந்திருந்ததாக எழுதி வைத்தார். 1520ஆம் ஆண்டை ஒட்டி வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பாயசு, கிருட்டிணதேவராயர் பொன்னிழையால் பூவேலை செய்த வெள்ளாடையும், தலைக்கவசம் போன்ற சரிகைத் தொப்பியும் அணிந்திருந்ததைக் குறித்தார். காலில் செருப்பு இல்லை என்பதையும் மறவாது குறித்தார். எழுத்தும் ஓவியமும் ஒத்து நிற்கும் இடம் இது.

தக்காணத்துச் சுல்தான்களோடு விசயநகரத்தார் இடையறாது போரிட்டனர் என்பது நாம் அறிந்ததே. எனினும் அவர்கள் அரசவை உடையைத் தாமும் மேற்கொண்டனர். இதனை அடிமைத்தனம் என்று கொள்வது பிழை. பாரசீகம் முதல் தக்காணம் வரை அரசவைக்கு உரிய உடை இன்னது என்று ஒரு பொதுவழக்கு அக்காலத்தில் பரவியிருந்தது. வேற்று நாட்டுத் தூதரை எதிர்கொள்ளும் பேரரசர் அவ்வழக்கை ஏற்றார். ஆனால் அதே கிருட்டிணதேவராயர் திருமலைக் கோயிலில் தம் தேவியர் இருவரோடு கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனியைப் பாருங்கள். மார்பில் அங்கி இல்லை. இடையில் கீழாடை மட்டுமே உள்ளது. தலையில் மட்டும் அந்த உயர்ந்த குல்லா இருக்கின்றது. அவைக்கு ஓர் உடை, ஆண்டவன் திருமுன் ஓர் உடை. அலுவலகத்துக்குக் கால்சராயும் கோயிலுக்கு வேட்டியுமாகச் செல்லும் நம்மவர், தாம் அறியாமலேயே பழைய வழக்கம் ஒன்றைத் தொடர்கின்றனர்.

வடநாட்டில் முகலாயர் ஓவியங்கள் இத்துறையில் ஒரு பெருஞ்செல்வம். தில்லித் தேசிய அருங்காட்சியகத்திலும், மும்பையில் முன்பு வேல்சு இளவரசர் பெயரால் வழங்கி இன்று சத்திரபதி சிவாசியின் பெயர் தாங்கும் அருங்காட்சியகத்திலும், ஐதராபாத்துச் சாலார் சங்கு அருங்காட்சியகத்திலும் சிற்றோவியங்கள் பல உள்ளன. அங்ஙனம் காணும்போது ஆடையைக் கொண்டே காலத்தை ஓரளவு கணிக்கலாம். அக்பர் காலத் தொடக்க ஓவியங்களில் அங்கியின் கீழ்விளிம்பு நான்கு அல்லது ஆறு முனைகளாகக் கூர்ந்து தொங்கும். பின்னர் அம்முனைகள் மறைந்து விளிம்பு வட்டமாகின்றது. அக்பர் காலத்தில் முழங்காலை ஒட்டி நின்ற அங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல இறங்கி, 18ஆம் நூற்றாண்டில் முகம்மது ஷா காலத்தில் மிகுந்த சுருக்கங்களோடு கணுக்காலை மறைக்கின்றது.

மற்றுமோர் அடையாளம் உண்டு. அங்கியின் முடிச்சு வலக் கைக்குழியின் கீழ் இருப்பின் அணிந்தவர் முசுலிம் என்றும், இடக் கைக்குழியின் கீழ் இருப்பின் இந்து என்றும் ஓவிய ஆராய்ச்சியாளர் கொள்வர். அங்கி ஒன்றே, முடிச்சு மட்டும் வேறு. அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் ஒரு குறிப்பு வருகின்றது. தகௌசியா என்னும் இந்நாட்டு அங்கி முன்பு கீழே பிளவுபட்டு இடப்புறம் முடியப்பட்டது. அதனை வட்ட விளிம்பாக்கி வலப்புறம் முடியுமாறு அக்பர் கட்டளையிட்டார் என்பது அக்குறிப்பு. முகலாய உடை முழுதும் வெளியிலிருந்து வந்தது என்பாரும், இந்நாட்டு உடை அதனாற் சிறிதும் மாறவில்லை என்பாரும் இதனைக் கருத வேண்டும். இங்கிருந்த அங்கியை வந்தவர் எடுத்தனர். தம் முறைக்குத் திருத்தினர். திருத்திய வடிவத்தை இங்கிருந்தோர் மீண்டும் மேற்கொண்டனர்.

சகாங்கீர் கதை இன்னும் சுவையுடையது. 1614ஆம் ஆண்டில் அவர் நோயுற்றார். அசுமீர் ஞானியார் முயீனுத்தீன் சிசுத்தியை நினைந்து வேண்டி நலம் பெற்றபின், அவருக்குத் தாம் அடியவர் என்பதைக் காட்டக் காதுகளைத் துளைத்து முத்து அணிந்து கொண்டார். அரசரைக் கண்ட அவையினரும் காது குத்திக் கொண்டனர். இதனை அவரே தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். ஆதலின் சகாங்கீரின் காதில் முத்து விளங்கும் படம் 1614க்குப் பின் எழுந்தது என்று துணியலாம். ஒரு முத்து ஓர் ஓவியத்துக்கு ஆண்டு குறித்துக் கொடுக்கின்றது!

இவ்வளவும் அரசரைப் பற்றிய செய்தி. ஓவியத்தின் நடுவில் நிற்போரையே இதுகாறும் கண்டோம். இனி மூலைகளையும் சற்றுக் காணுதல் வேண்டும். அக்பர் வரலாற்று நூலுக்குத் தீட்டிய ஓவியங்கள் பல இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஆக்ராக் கோட்டையையும் பதேபூர் சிக்ரியையும் கட்டும் காட்சிகள் சில. கல் உடைப்போர், சுண்ணாம்பு சுமப்போர், கூடை ஏந்திய பெண்டிர் எனத் தொழிலாளர் கூட்டம் அங்கே நிறைந்திருக்கின்றது. ஆடவர் பலர் இடையில் சிறு துணி ஒன்றே கட்டியுள்ளனர். அரசர் அங்கியின் விளிம்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மாறிற்று. கல் உடைப்போன் இடைத்துணி அங்ஙனம் மாறவில்லை. ஆடை மாற்றம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, மாற்றிக் கொள்ள வகையிருந்தோரின் வரலாறே.

ஓவியம் சொல்லாத செய்தியும் உண்டு. எதை உடுத்தினர் என்று அது காட்டும். விரும்பி உடுத்தினரா, வேறு வழியின்றி உடுத்தினரா என்று காட்டாது. அஜந்தா அரசியும் சோழர் கால ஆடல் மகளும் மார்பில் ஆடையின்றி நிற்பதைக் கண்டோம். அது அவர் காலத்து இயல்பு. அதில் இழிவு இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் நிலை வேறு. உயர்ந்தோர் எனப்பட்டோர்க்கு முன்னே மார்பை மறைத்தல் ஆகாது என்று நாடார் முதலிய குலத்துப் பெண்டிர் தடுக்கப்பட்டனர். மேலாடை அணிந்தவரின் ஆடை தெருவிற் கிழிக்கப்பட்டது, கலகங்கள் மூண்டன. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859ஆம் ஆண்டில் அரசர் ஆணையினால் நாடார் பெண்டிர் மேலாடை அணியும் உரிமை பெற்றனர். அப்போதும் உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்ற வரையறை இருந்தது. இப்போராட்டம் நிகழ்ந்த தென்திருவிதாங்கூர்ப் பகுதி, 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாக உள்ளது.

இவ்வுண்மையை மறந்து, 'பண்டைக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தனர்' என்று ஓர் ஓவியத்தைக் காட்டிப் பேசுவோர் உண்டு. அது பெரும் பிழை. இரு காலத்திலும் காட்சி ஒன்று போலத் தோன்றலாம். ஒன்று வழக்கம், மற்றொன்று கட்டாயம். வேறுபாட்டை அறிய ஓவியத்தோடு ஆவணத்தையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

அதே திருவிதாங்கூரில், கிளிமானூரில், 1848ஆம் ஆண்டில் பிறந்தவர் இரவிவர்மா. அவர் ஓவியங்கள் ஆடை வரலாற்றில் ஒரு திருப்பம். 1888ஆம் ஆண்டை ஒட்டிப் பரோடா மன்னர் மூன்றாம் சயாசிராவ் புராண ஓவியங்கள் பதினான்கு தீட்டித் தருமாறு அவரைக் கேட்டார். புராண மாந்தர்க்கு எவ்வுடை பொருந்தும் என்று ஆராய அவர் தம் தம்பியோடு வடநாடெங்கும் சுற்றினார். நாடு முழுதுக்கும் பொதுவான பழைய உடை ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. முடிவில் தம் கதைத்தலைவியர்க்குச் சேலையையே தேர்ந்தார். மைசூர்ச் செகன்மோகன் அரண்மனையில் உள்ள 1889ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில் இசை பயிலும் பெண்டிர் பதினொருவர் கூடியுள்ளனர். கேரளத்து முண்டு, மராட்டியரின் சேலை, பார்சியர் உடை, ஐரோப்பியத் தொப்பி என ஒவ்வொருத்திக்கும் ஒவ்வோர் உடை. இந்நாட்டில் உடை ஒன்றன்று என்பதை அவர் நன்கு அறிந்தே இருந்தார்.

1894ஆம் ஆண்டில் பம்பாயில் அவர் அச்சகம் நிறுவினார். அரண்மனைச் சுவரில் இருந்த இலக்குமியும் கலைமகளும் தமயந்தியும் அச்சுப் படமாகிக் குறைந்த விலைக்கு ஊர்தோறும் சென்றனர். பூசை அறையில் நாள்தோறும் வணங்கும் படத்தில் கலைமகள் சேலையும் ரவிக்கையும் அணிந்து வீற்றிருக்கின்றாள். அவள் என்றென்றும் அவ்வாறே உடுத்தினாள் என்று எண்ணாதவர் யார்? அஜந்தா ஓவியனும் தஞ்சைச் சோழர் ஓவியனும் தெய்வ மகளிரை வேறுவகையாகத் தீட்டினர் என்பதைப் பலர் அறியார். ஓவியம் அதுவரை ஆடையைப் பின்பற்றி நடந்தது. இரவிவர்மாவின் அச்சுப் படங்களுக்குப் பின் மக்கள் மனத்தில் ஆடை ஓவியத்தைப் பின்பற்றி நடந்தது.

முன்பக்கம் கொசுவம் வைத்து இடத்தோளின்மேல் முந்தானை இடும் இக்காலச் சேலைக்கட்டின் வரலாறும் இங்கு நினையத்தக்கது. அதற்கு வழிகோலியவருள் ஒருவர் வங்கத்து ஞானதானந்தினி தேவி. இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்தியேந்திரநாதரின் மனைவியார். இந்தியர்களுள் முதன்முதல் ஐ.சி.எஸ். பதவி பெற்ற கணவரோடு 1864ஆம் ஆண்டில் பம்பாய்க்குச் சென்ற அவர், வங்கத்துப் பழைய முறை வெளியிற் பழகுவதற்குப் போதாது என்று கண்டு, அங்கிருந்த பார்சிப் பெண்டிரின் முறையைக் கைக்கொண்டு திருத்தி வங்கத்துக்குக் கொண்டு வந்தார். பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்ற ஒரு குடும்பத்தின் தேவையே நாடு முழுதும் இன்று வழங்கும் ஓர் உடுத்துமுறைக்கு வித்தாயிற்று. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தி அயலானது அன்று.

இவற்றையெல்லாம் கொண்டு, நமக்கு எனத் தனியுடை இல்லை என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. வேட்டியும் சேலையும் நமக்கு உரியன. அவற்றை உடுத்துவதில் நாம் கொள்ளும் பெருமிதம் முறையானதே. ஆனால் அவை மாறாது நின்றமையால் நம்முடையன ஆகவில்லை. தைத்த மெய்ப்பை யவனரோடு வந்தது. ரவிக்கை தெலுங்கு நாட்டு வழியாக வந்தது. குல்லா பாரசீகத்திலிருந்து வந்தது. வந்தவற்றை உடுத்திப் பழகித் தம்முடையதாக்கிக் கொண்ட மக்களின் உருவங்களே தஞ்சையிலும் லேபாட்சியிலும் நம்மை நோக்கி நிற்கின்றன. மகள் எவ்வுடை அணிவது என்று இல்லத்தில் வழக்கு எழுமானால், பழமையை ஒரு பக்கத்துக்கு மட்டும் சான்றாக அழைத்தல் இயலாது. அவள் விருப்பத்தையும் கேட்டல் வேண்டும். அவ்விருப்பத்துக்கு இடமின்றிப் போன ஊரில் என்ன நேர்ந்தது என்பதைத் திருவிதாங்கூர் வரலாறு சொல்லும்.

நீங்கள் வாழும் நகரில் அருங்காட்சியகம் இருக்கும். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று பழைய ஓவியம் ஒன்றன் முன் நில்லுங்கள். இதைத் தீட்டியவன் எக்காலத்தவன்? இதில் நிற்போர் யாவர்? இதில் இடம் பெறாதோர் யாவர்? இம்மூன்றையும் அவர்களைக் கேளுங்கள். முடிச்சு எப்பக்கம் இருக்கின்றது, காதில் முத்து உண்டா, கோட்டைச் சுவரடியில் கல் உடைப்பவன் என்ன உடுத்தியிருக்கின்றான் என்று அவர்களே தேடத் தொடங்குவர்.